டூப்ட் (வேர்ஹவுஸ் 13)

'டூப்ட்' வேர்ஹவுஸ் 13 என்னும் அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவத்தில் எட்டாவது அத்தியாயம். 2009 ஆகஸ்ட் 25 அன்று சைஃபை அலைவரிசையில் ஒளிபரப்பானது. லூயிஸ் கரோலின் கண்ணாடி என்று தொடரில் சொல்லப்படும் ஒரு மாயப்பொருளுக்குள் கதாநாயகி சிக்கிக்கொள்கிறாள். கண்ணாடிக்குள் அடைபட்டிருந்த ஆலிஸ் அவள் உடலில் வெளியே நடமாடத் தொடங்குகிறாள். தலைப்புக்கு 'ஏமாற்றப்பட்டவர்கள்' என்று பொருள். நகைச்சுவையும் பரபரப்பும் நன்றாகக் கலந்த அத்தியாயங்களில் ஒன்று என்று இதைச் சொல்லலாம். அதே சமயம், வரலாற்றில் உண்மையாக வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயரை இது கையாண்ட விதம் கேள்விக்குரியது.

தொடரின் பின்னணி

வேர்ஹவுஸ் 13 தொடரை ஜேன் எஸ்பென்சன், டி. பிரெண்ட் மோட் இருவரும் உருவாக்கினர். 2009 ஜூலை 7 முதல் 2014 மே வரை ஐந்து பருவங்களாக ஒளிபரப்பானது. சை-ஃபை சேனல் தன் பெயரை சைஃபை என்று மாற்றிக்கொண்ட அதே நாளில்தான் இத்தொடரின் முதல் அத்தியாயமும் வெளியானது. கதை அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் நடக்கிறது. படப்பிடிப்பு பெரும்பாலும் கனடாவின் டொராண்டோ பகுதியில் நடந்தது.

அமெரிக்க அதிபரின் பாதுகாப்புப் பணியில் இருந்த பீட் லாட்டிமர், மைக்கா பெரிங் ஆகிய இரு முகவர்கள் ஆளரவமற்ற ஒரு பொட்டல்வெளிக்கு மாற்றப்படுகிறார்கள். அங்கே மிகப் பெரிய ஒரு கிடங்கு இருக்கிறது. உலகெங்கிலும் இருந்து கைப்பற்றப்பட்ட விபரீத சக்தி கொண்ட பொருட்கள் அதில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. புகழ்பெற்ற ஒருவரின் உக்கிரமான கணமோ ஆழ்ந்த உணர்ச்சியோ அவர் கையாண்ட பொருளில் தங்கிவிடும் என்பதும், அந்தப் பொருளைப் பயன்படுத்துகிறவர் அதற்கொரு விலை கொடுத்தாக வேண்டும் என்பதும் இத்தொடரின் அடிப்படை விதிகள். பொருட்களைத் தேடிப் பிடித்து, ஊதா நிறத் திரவத்தில் முக்கிச் செயலிழக்கச் செய்து, அலமாரியில் வைத்துப் பூட்டுவது முகவர்களின் வேலை.

கிடங்கின் பொறுப்பாளர் ஆர்ட்டி நீல்சன். அவருக்கு உதவியாக வரும் இளம்பெண் கிளாடியா டோனவன். எட்டி மெக்ளின்டாக் பீட்டாகவும், ஜோயேன் கெல்லி மைக்காவாகவும், சால் ரூபினெக் ஆர்ட்டியாகவும், அலிசன் ஸ்காலியோட்டி கிளாடியாவாகவும் நடித்தனர். பீட் உள்ளுணர்வை நம்பிக் குதிப்பவன். மைக்கா நுணுக்கமானவள், விதிகளை மீறாதவள், ஒருமுறை படித்ததை மறக்காதவள். புத்தகக் கடைக்காரரின் மகள். அந்தக் கடையின் பெயர்ப்பலகையில் 'பெரிங் அண்ட் சன்ஸ்' என்றிருக்கும். மகன்களுக்கு இடம் வைத்த பலகைக்குக் கீழே வளர்ந்த மகள் அவள் என்பது தொடர் முழுக்க மெல்லிய வலியாக வந்துகொண்டிருக்கும்.

கதைச்சுருக்கம்

கிடங்கில் இருக்கும் இரு பொருட்களில் இருந்து சிக்கல் தொடங்குகிறது. ஒன்று லூயிஸ் கரோலின் கண்ணாடி. மற்றொன்று 1977-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ஸ்டூடியோ 54 என்னும் இரவு விடுதியின் ஒளிப்பந்து. இவ்விரண்டின் சேர்க்கையால் கண்ணாடிக்கு உள்ளே இருந்தவளும் வெளியே நின்றவளும் இடம் மாறுகிறார்கள். மைக்கா கண்ணாடிக்குள் போய்விடுகிறாள். அவள் உடலில் ஆலிஸ் வெளியே வருகிறாள். இந்த மாற்றத்தை யாரும் கவனிப்பதில்லை.

இதற்கிடையே லாஸ் வேகாஸ் நகரின் சூதாட்ட விடுதியில் ஒரு தம்பதி தொடர்ந்து வென்றுகொண்டிருக்கிறார்கள். நடக்கப்போவதை முன்கூட்டியே காட்டும் ஒரு சூதாட்டச் சில்லு அவர்கள் கையில் இருக்கிறது. அதைக் கைப்பற்ற பீட் கிளம்புகிறான். கூடவே மைக்கா என்று நம்பி ஆலிஸை அழைத்துப்போகிறான். தம்பதியாக எரிகா செர்ராவும் நைல் மேட்டரும் நடித்தனர். இருவரும் அதே அலைவரிசையில் வந்த யுரேகா தொடரின் வழியாகப் பார்வையாளர்களுக்கு முன்பே அறிமுகமானவர்கள்.

கிடங்கில் ஆர்ட்டிக்கும் கிளாடியாவுக்கும் கண்ணாடிக்குள் இருப்பது யார் என்பது தெரியவருகிறது. ஆலிஸ் கட்டுக்கதையில் வரும் சிறுமி மட்டுமல்ல, உண்மையில் வாழ்ந்தவள், மனம் பிறழ்ந்து கொலைகாரியாக மாறியவள், அதனால்தான் கண்ணாடிக்குள் அடைக்கப்பட்டவள் என்று தொடர் விளக்கம் தருகிறது. பீட் தன் அருகில் நிற்பது தன் தோழி அல்ல என்று அறியாமல் அவளோடு சூதாட்ட விடுதியில் திரிகிறான். இறுதியில் ஆலிஸ் மீண்டும் கண்ணாடிக்குள் அடைக்கப்படுகிறாள். மைக்கா மீட்கப்படுகிறாள்.

அமைப்பும் நடிப்பும்

கூடுவிட்டுக் கூடு பாயும் கதைகளில் இரண்டு வழிகள் உண்டு. இடமாற்றத்தைப் பார்வையாளரிடமிருந்து மறைத்துக் கடைசியில் திடுக்கிட வைப்பது ஒரு வழி. பார்வையாளருக்கு உண்மையைச் சொல்லிவிட்டு, கதாபாத்திரங்கள் எப்போது கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருக்க வைப்பது இன்னொரு வழி. 'டூப்ட்' இரண்டாவது வழியில் செல்கிறது. அதனால் பீட்டின் ஒவ்வொரு சிரிப்பும் நமக்குக் கவலையாக மாறுகிறது. லாஸ் வேகாஸின் மினுக்கும் விளக்குகள், கிடங்கின் மங்கிய இருட்டு ஆகிய இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுவதன் வழியாகச் சுதந்திரம், சிறை என்னும் இரு நிலைகளும் காட்சியிலேயே எழுகின்றன.

இந்த அத்தியாயத்தைத் தாங்குவது ஜோயேன் கெல்லியின் நடிப்பு. முந்தைய ஏழு அத்தியாயங்களில் அவர் மைக்காவை இறுக்கமான உடல்மொழியோடு அமைத்திருந்தார். நிமிர்ந்த முதுகு, அளந்து பேசும் பேச்சு, அடக்கிய சிரிப்பு. ஆலிஸாக வரும்போது அந்த இறுக்கம் முழுவதும் கழன்றுவிடுகிறது. ஒப்பனையோ சிறப்பு விளைவுகளோ அதிகம் உதவாத இடத்தில், உடலின் சாய்வாலும் கண்ணின் அலைச்சலாலும் மட்டும் வேறொருத்தியைக் காட்டுகிறார். கண்ணாடிக்குள் இருக்கும் மைக்காவோ கத்தியும் கேட்கப்படாதவளாக இருக்கிறாள். ஒரே நடிகை ஒரே அத்தியாயத்தில் விடுதலையின் வெறியையும் அடைபட்டவளின் தவிப்பையும் காட்டுகிறார்.

நட்பு பற்றிய ஒரு கேள்வியும் இங்கே எழுகிறது. பீட்டின் பெருமையே அவன் உள்ளுணர்வுதான். ஆபத்து வரும் முன்பே அவனுக்கு அது தெரிந்துவிடும். அப்படிப்பட்டவனுக்குத் தன்னோடு தினமும் வேலை செய்யும் பெண் மாறிவிட்டது உடனே தெளிவதில்லை. ஏன்? மைக்கா கொஞ்சம் இளகியிருந்தால் நன்றாக இருக்கும் என்று அவன் முன்பே விரும்பியிருந்தான். ஆகவே அவள் இளகியதும் அவனுக்குச் சந்தேகம் வருவதற்குப் பதிலாக மகிழ்ச்சி வருகிறது. நாம் விரும்பியபடி ஒருவர் மாறும்போது, அவர் அவர்தானா என்று நாம் கேட்பதில்லை. தலைப்பு சொல்லும் ஏமாற்றம் இதுதான். ஏமாற்றுகிறவள் ஆலிஸ் என்றாலும், அவளுக்கு வழிவிட்டது பீட்டின் விருப்பம். ஒரு கேளிக்கைத் தொடர் போகிற போக்கில் இதைத் தொட்டுச் செல்வது இந்த அத்தியாயத்தின் சிறந்த அம்சம்.

சூதாட்டத் தம்பதியின் கிளைக்கதையும் இதே கருவைத்தான் பேசுகிறது. வருவதை முன்பே அறிந்தவர்களுக்கு ஆட்டத்தில் ஆட்டமே இல்லை. அவர்களும் கண்முன் தெரியும் ஒரு பிம்பத்துக்கு அடிமையானவர்கள்தான். ஆனால் இந்த இணைப்பை அத்தியாயம் வலுவாகக் கட்டவில்லை. இரண்டு கதைகளும் ஒன்றையொன்று வெளிச்சமிட வேண்டிய இடத்தில் அருகருகே ஓடுவதோடு நின்றுவிடுகின்றன. சில்லைக் கைப்பற்றும் பகுதி இத்தொடரின் வழக்கமான வார வேலையாகவே முடிகிறது.

உண்மையான ஆலிஸ்

அத்தியாயத்தின் மையக் குறையைப் புரிந்துகொள்ள ஆலிஸ் லிடெலின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆலிஸ் பிளெசன்ஸ் லிடெல் 1852 மே 4 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை ஹென்றி லிடெல் ஆக்ஸ்ஃபோர்டின் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியின் தலைவர். புகழ்பெற்ற கிரேக்க அகராதி ஒன்றைத் தொகுத்த இருவரில் ஒருவர். அதே கல்லூரியில் கணிதம் கற்பித்தவர் சார்லஸ் லுட்விட்ஜ் டாட்ஜ்சன். லூயிஸ் கரோல் என்பது அவருடைய புனைபெயர். 1862 ஜூலை 4 அன்று டாட்ஜ்சனும் ராபின்சன் டக்வொர்த் என்ற நண்பரும் லிடெல் குடும்பத்தின் லொரீனா, ஆலிஸ், ஈடித் என்னும் மூன்று சிறுமிகளோடு படகில் சென்றனர். அந்தப் பயணத்தில் சொன்ன கதையை எழுதித் தரும்படி பத்து வயது ஆலிஸ் கேட்டார். டாட்ஜ்சன் அதைத் தன் கையாலேயே எழுதி, படங்களும் வரைந்து 1864 நவம்பரில் ஆலிஸுக்குப் பரிசளித்தார். விரிவாக்கப்பட்ட வடிவம் 1865-இல் நூலாக வந்தது. கண்ணாடி வழியாக ஆலிஸ் மறுபக்கம் போகும் இரண்டாவது நூல் 1871-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியானது.

இடையில் 1863 ஜூனில் டாட்ஜ்சனுக்கும் லிடெல் குடும்பத்துக்கும் இடையே விலகல் ஏற்பட்டது. அந்த நாட்களுக்குரிய நாட்குறிப்பின் பக்கம் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடிக் கதை வெளிவந்தபோது ஆலிஸ் சிறுமி அல்ல. ஏறத்தாழ இருபது வயதுப் பெண். ஜான் டெனியல் வரைந்த புகழ்பெற்ற படங்களில் இருக்கும் பொன்னிறக் கூந்தல் சிறுமிக்கும் உண்மை ஆலிஸுக்கும் தோற்ற ஒற்றுமையும் கிடையாது. உண்மை ஆலிஸுக்குக் கருமையான குட்டைக் கூந்தல். கண்ணாடிக்குள் நிற்கும்போது கையில் இருக்கும் ஆரஞ்சு எந்தக் கைக்கு மாறுகிறது என்ற உரையாடலை டாட்ஜ்சன் ஆலிஸ் ரெய்க்ஸ் என்ற வேறொரு சிறுமியோடு நடத்தியதாகவும் ஒரு நினைவுக்குறிப்பு உண்டு. ஆக, கண்ணாடியோடு தொடர்புடைய ஆலிஸ் இன்னொருத்தியாகக்கூட இருக்கலாம்.

ஆலிஸ் லிடெல் 1880-இல் ரெஜினால்ட் ஹார்கிரீவ்ஸைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று மகன்கள் பிறந்தனர். அவர்களில் இருவர் முதல் உலகப் போரில் இறந்தனர். 1926-இல் கணவர் இறந்த பிறகு, வரிச்சுமையைச் சமாளிக்க 1928-இல் தனக்குப் பரிசாகக் கிடைத்த கையெழுத்துப் பிரதியை ஏலத்துக்குக் கொடுத்தார். 15,400 பவுண்டுக்கு ஓர் அமெரிக்கப் புத்தக வணிகர் அதை வாங்கினார். 1932-இல், கரோல் பிறந்த நூற்றாண்டை ஒட்டி, எண்பது வயதை எட்டிய அவர் நியூயார்க்குக்கு அழைக்கப்பட்டார். கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. அந்தக் காலத்தில் மகனுக்கு எழுதிய கடிதத்தில், அதிசய உலகத்து ஆலிஸாக இருந்து இருந்து தனக்குச் சலித்துவிட்டது என்று அவர் குறிப்பிட்டார். அப்படிச் சொல்வது நன்றி கெட்டதனமாகத் தோன்றுமோ என்ற தயக்கமும் அவருக்கு இருந்தது. 1934 நவம்பர் 16 அன்று மறைந்தார்.

அவர் விற்ற கையெழுத்துப் பிரதி அமெரிக்காவில் கைமாறி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1948-இல் அமெரிக்க ஆர்வலர்களால் பிரிட்டிஷ் மக்களுக்கு அன்பளிப்பாகத் திருப்பித் தரப்பட்டது.

விமர்சனம்

வேர்ஹவுஸ் 13 தொடரின் விதியை மீண்டும் நினைவுகூர்வோம். ஒருவரின் வாழ்வில் உக்கிரமான உணர்ச்சி எதில் தங்கியதோ அந்தப் பொருள் சக்தி பெறுகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. இந்த விதிக்கு உண்மை வாழ்வில் இவ்வளவு பொருந்தும் உதாரணம் கிடைப்பது அரிது. சிறுமி ஒருத்தி கேட்டு வாங்கிய கைப்பிரதி அவளைக் காலத்தில் நிறுத்திவைத்தது. அவள் வளர்ந்தாள், மணந்தாள், மகன்களை இழந்தாள், கணவனை இழந்தாள். உலகத்துக்கு மட்டும் அவள் பத்து வயதைத் தாண்டவில்லை. கடைசியில் அந்தப் பொருளை விற்றுத்தான் அவள் தன் வீட்டுச் செலவைக் காப்பாற்றிக்கொண்டாள். விற்ற பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. எண்பது வயதில் கப்பலேறிப் போய், அந்தச் சிறுமியாகவே மேடையில் நிற்க வேண்டியிருந்தது.

வேறு வார்த்தையில் சொன்னால், ஆலிஸ் லிடெல் உண்மையிலேயே ஒரு கண்ணாடிக்குள் அடைக்கப்பட்டவர். அந்தக் கண்ணாடி, இன்னொருவர் எழுதிய புத்தகம். 'டூப்ட்' தேர்ந்தெடுத்த படிமம் இந்த உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது. கண்ணாடிக்குள் ஒரு பெண், வெளியே வரத் துடிக்கிறாள், மற்றவர்கள் அவளைக் கதாபாத்திரமாகவே அறிந்திருக்கிறார்கள். இந்த இடத்திலிருந்து எழுத்தாளர்கள் ஓரடி எடுத்து வைத்திருந்தால் அந்தத் தவிப்புக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவர்கள் எடுத்த அடி வேறு திசையில் போயிற்று. அவள் பைத்தியம், அவள் கொலைகாரி, ஆகவே அவளை அடைத்துவைப்பது நியாயம் என்று கதை முடிவு செய்துவிட்டது.

இதனால் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. முதலாவது கலை சார்ந்தது. காரணமற்ற தீமை கொண்ட எதிரியிடம் நாடகம் குறைவு. ஆலிஸ் வெளியே இருக்க வேண்டும் என்று நாம் ஒரு கணமேனும் விரும்பியிருந்தால், கடைசியில் அவள் திரும்ப அடைக்கப்படுவது நம்மைத் தொட்டிருக்கும். மைக்கா மீள்வதில் மகிழ்ச்சியும் ஆலிஸ் அடைபடுவதில் துயரமும் ஒரே நேரத்தில் வந்திருக்கும். இப்போது மகிழ்ச்சி மட்டும் வருகிறது. கதவு பூட்டப்படுகிறது, அவ்வளவே.

அதோடு, மைக்காவும் ஆலிஸும் எவ்வளவு ஒத்தவர்கள் என்பதும் தவறவிடப்படுகிறது. ஒருத்தி தனக்கு இடமில்லாத பெயர்ப்பலகையின் கீழ் வளர்ந்தவள். இன்னொருத்தி தனக்கு இடமில்லாத அளவுக்குத் தன் பெயரையே பிறரிடம் பறிகொடுத்தவள். இருவரும் புத்தகங்களால் உருவானவர்கள். கண்ணாடியின் இரு பக்கமும் இவர்களை நிறுத்தியபோது இந்த ஒப்புமை தானாகவே கைக்கு வந்தது. கண்ணாடிக்குள் சில மணிநேரம் இருந்த மைக்காவுக்கு, அங்கே பல காலம் இருந்தவளைப் பற்றி ஒரு சொல் சொல்ல இருந்திருக்க வேண்டும். அந்தச் சொல்லுக்குக் கதை போதிய இடம் தரவில்லை.

இரண்டாவது இழப்பு அறம் சார்ந்தது. ஆலிஸ் லிடெல் தொன்ம மாந்தர் அல்ல. இந்த அத்தியாயம் ஒளிபரப்பானபோது அவர் இறந்து 75 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவர் பெயரில் எந்தக் குற்றமும் கிடையாது. மனப்பிறழ்வு இருந்ததாகவும் சான்று கிடையாது. வாழ்நாள் முழுக்க அவரை ஒரு புனைவு விழுங்கியது. இறந்த பின் இன்னொரு புனைவு வந்து அவரைக் கொலைகாரியாகவும் ஆக்கியது. இறந்தவர் வழக்காட முடியாது என்பதால் மட்டும் இது சரியாகிவிடாது.

பிற படைப்புகளோடு ஒப்பீடு

வரலாற்று மனிதர்களை விளையாட்டாகக் கையாள்வது தவறு என்பதல்ல இந்த விமர்சனம். அப்படிச் சொன்னால் இந்தத் தொடரே எஞ்சாது. நிக்கோலா டெஸ்லாவின் பெயரில் மின்துப்பாக்கி, தொலைக்காட்சி முன்னோடி ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த்தின் பெயரில் கையடக்கத் தொடர்புக் கருவி என்று தொடரின் ஒவ்வொரு மூலையிலும் வரலாறு விளையாட்டுப் பொருளாக இருக்கிறது. அதுதான் அதன் அழகு. மாணவர் ஒருவர் ஃபார்ன்ஸ்வொர்த் யார் என்று தேடிப் பார்க்க இத்தொடர் காரணமாக இருந்தால் அது நல்ல பணியே.

அதே பருவத்தின் பதினொன்றாவது அத்தியாயமான 'நெவர்மோர்' எட்கர் ஆலன் போவின் பேனாவையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொள்கிறது. போவின் எழுத்தில் இருக்கும் இருட்டுதான் அந்தப் பொருட்களின் சக்தியாக வருகிறது. எழுத்தாளருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு உண்மையில் வேரூன்றியிருப்பதால், மைக்காவுக்கும் அவள் தந்தைக்கும் இடையே உள்ள மௌனத்தைப் பேச அது பயன்படுகிறது. கற்பனை எல்லை மீறினாலும் போ அங்கே சிறுமைப்படவில்லை.

இரண்டாம் பருவத்தில் வரும் எச். ஜி. வெல்ஸ் இன்னும் துணிச்சலான உதாரணம். காலஇயந்திரக் கதையை எழுதிய அந்த எழுத்தாளர் உண்மையில் ஹெலெனா என்ற பெண், அவளுடைய சகோதரன் சார்லஸ்தான் வெளியுலகுக்கு முகமாக இருந்தான் என்று தொடர் கற்பனை செய்கிறது. ஜெய்மி மரே நடித்த இந்தப் பாத்திரமும் கிடங்கில் அடைக்கப்பட்டவள்தான். வெண்கலச் சிலையாக உறையவைக்கப்பட்டவள். அவளும் ஆபத்தானவளாக ஆகிறாள். ஆனால் அவளுடைய கோபத்துக்குப் பின்னால் கொல்லப்பட்ட மகள் ஒருத்தி இருக்கிறாள். காரணம் இருப்பதால் நாம் அவளை வெறுக்கவும் நேசிக்கவும் செய்கிறோம். மைக்காவோடு அவளுக்கு ஏற்படும் நெருக்கம் தொடரின் சிறந்த பகுதிகளில் ஒன்று. ஆலிஸுக்கு மறுக்கப்பட்ட கனிவு ஹெலெனாவுக்குக் கிடைத்தது. தொடர் அடுத்த பருவத்துக்குள் தன் விளையாட்டைச் சரியாக விளையாடக் கற்றுக்கொண்டது என்றும் இதைக் கொள்ளலாம். ஆனாலும் நான்காம் பருவத்தில் ஆலிஸ் மீண்டும் கண்ணாடியிலிருந்து தப்பும்போதும் அவள் பழைய எதிரியாகவே வருகிறாள்.

ஆலிஸ் லிடெலைப் பற்றிய புனைவு எப்படி இருக்கலாம் என்பதற்கு 1985-இல் வெளிவந்த 'டிரீம்சைல்ட்' திரைப்படம் எடுத்துக்காட்டு. டென்னிஸ் பாட்டர் எழுத, கேவின் மில்லர் இயக்கிய படம் அது. 1932-இல் நியூயார்க்குக்குப் பயணப்படும் முதிய ஆலிஸாகக் கோரல் பிரௌன் நடித்தார். அதிலும் கற்பனை நிறைய உண்டு. கதையில் வரும் விலங்குகள் பொம்மை உருக்களாக வந்து முதியவளை அச்சுறுத்துகின்றன. ஆனால் அந்தக் கற்பனை, ஒரு பெண் தன்மேல் சுமத்தப்பட்ட கதையோடு எப்படிச் சமரசம் ஆகிறாள் என்ற கேள்வியை நோக்கியே செல்கிறது. நாற்பது நிமிடக் கேளிக்கை அத்தியாயத்திடம் அத்தனை ஆழத்தை எதிர்பார்க்க முடியாது. ஒரு காட்சியை எதிர்பார்ப்பது நியாயமே.

எதிர்வாதம்

இந்த விமர்சனத்துக்கு ஒரு பதில் உண்டு. வேர்ஹவுஸ் 13 வரலாறு கற்பிக்க வந்த தொடர் அல்ல. மாலை நேரத்தில் குடும்பமாக அமர்ந்து சிரித்துப் பார்க்கும் தொடர். அதில் வரும் ஆலிஸை உண்மை ஆலிஸ் என்று யாரும் நம்பப்போவதில்லை. சிறுவர் கதையின் இனிமையான சிறுமியைக் கொடியவளாக்குவது ஒரு தலைகீழ் வேடிக்கை. கண்ணாடி எல்லாவற்றையும் தலைகீழாகத்தானே காட்டும்.

இந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. கண்ணாடி தலைகீழாக்கும் என்ற தர்க்கம் கதைக்குள் பொருந்துகிறது. ஆனால் தலைகீழாக்கப்பட்டது கதையின் ஆலிஸ் மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. தொடர் வேண்டுமென்றே கதையைத் தாண்டி, 'இவள் உண்மையில் வாழ்ந்தவள்' என்று சொல்கிறது. உண்மையின் எடையை அது கடன் வாங்குகிறது. கடன் வாங்கியவர் ஏதாவது திருப்பித் தர வேண்டும். பொருளைப் பயன்படுத்துபவர் விலை கொடுக்க வேண்டும் என்ற விதியைக் கதாபாத்திரங்களுக்கு வகுத்த தொடர், அதே விதியைத் தனக்கு மட்டும் தளர்த்திக்கொள்கிறது.

மதிப்பீடு

வேகம், நகைச்சுவை, நடிப்பு ஆகிய மூன்றிலும் 'டூப்ட்' முதல் பருவத்தின் நல்ல அத்தியாயங்களில் ஒன்று. முந்தைய அத்தியாயங்களைப் பார்க்காதவர்களும் கதையைப் பின்தொடரலாம். ஆனால் மைக்காவின் வழக்கமான இயல்பை ஓரிரு அத்தியாயங்களிலாவது பார்த்துவிட்டு வந்தால் ஜோயேன் கெல்லியின் நடிப்பை முழுமையாக ரசிக்கலாம். நாம் விரும்பும் மாற்றம் நம் கண்ணை மறைக்கும் என்ற அதன் கரு, தொடர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் நினைவில் நிற்கிறது.

குறை, அந்தக் கருவைத் தனக்குள்ளேயே திருப்பிப் பார்க்காததில் இருக்கிறது. பீட் தனக்குப் பிடித்த மைக்காவைப் பார்த்தான், எதிரில் நின்றவளைப் பார்க்கவில்லை. எழுத்தாளர்களும் தங்களுக்கு வசதியான ஆலிஸைத்தான் பார்த்தார்கள். தன் கைப்பிரதியை ஏலத்தில் விற்ற, ஆலிஸாக இருந்து சலித்துப்போன முதிய பெண் அவர்கள் கண்ணில் படவில்லை. இந்த அத்தியாயத்தைப் பார்க்கும் மாணவர்கள் அதை முடித்த கையோடு அந்தப் பெண்ணின் வாழ்க்கையையும் தேடிப் படித்தால், தொடர் விட்டுவைத்த கடனில் ஒரு பகுதி அடைபடும்.